குளுக்கோஸ் டியூபில் மடித்த இன்டர்லூகின்-2

போன சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. மேல் வரிசையில் பாதிக்கு மேல் இளஞ்சிவப்பு, போகப்போக ஊதா, கடைசியில் நீலம். இரண்டாவது வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாவதில் முதல் மூன்று குழி மட்டும் சிவந்திருந்தது, மீதியெல்லாம் நீலம். மேல் வரிசை காசு கொடுத்து வாங்கிய இன்டர்லூகின்-2. இரண்டாவது, எங்கள் லேபில் நான் செய்தது. மூன்றாவதும் நான் செய்ததுதான், அவசரப்பட்டுக் கெடுத்தது. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

நான் வேலை பார்ப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில். லேப் டெக்னீஷியன். எங்கள் டீச்சர் ரத்தத்திலிருந்து டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களை, பிரித்து வளர்க்கிறார். அந்தச் செல்களுக்கு இன்டர்லூகின்-2 என்ற மனிதப் புரதம் தினமும் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் வளராது. 50 மைக்ரோகிராம் குப்பிக்கு வந்த கொட்டேஷன் 24,000 ரூபாய். வருடத்துக்கு 300 மைக்ரோகிராமாவது தேவை, அதாவது 1,44,000. டீச்சர் பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, நாமே பண்ணிப் பார்த்தால் என்ன?" என்றார். சரி என்றேன். ஆறு மாதம் ஆகும் என்று அப்போது தெரியாது.

இந்தப் புரதத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1976-ல் அமெரிக்காவில் மார்கன், ருசெட்டி, காலோ மூவரும் இதை டி செல்களை வளரவைக்கும் பொருளாகக் கண்டார்கள். 1983-ல் ஜப்பானின் தானிகுச்சி குழு இதன் ஜீனைப் பிடித்தது. டி செல்லை வளர்க்கும் புரதம்தானே, இதன் ஜீனை எடுத்துவிட்ட எலிக்கு நோய் எதிர்ப்பு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எலிகளின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்தது. அடக்கி வைக்கும் டி செல்கள் உயிரோடு இருக்கவும் இதே புரதம் வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தச் செல்களை 1995-ல் சகாகுச்சி அடையாளம் கண்டதே, இன்டர்லூகின்-2 வந்து உட்காரும் ஏற்பியின் ஒரு பகுதியை வைத்துத்தான். 2025 மருத்துவ நோபலைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதற்கு மேல் வேண்டுமானால் டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

முதல் வேலை பேப்பர் வேலை. மனித ஜீனை பாக்டீரியாவில் ஏற்றுவதற்கு முன்னால் கல்லூரியின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்றரை மாதம் போனது. அந்த இடைவெளியில் ஜீனை ஆர்டர் செய்தோம். முழுப் புரதம் 133 அமினோ அமிலம், ஒன்றுக்கு மூன்று வீதம் 399 டிஎன்ஏ எழுத்து. இயற்கையான புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மூன்று இடத்தில் உண்டு. 58-ம் 105-ம் கைகோர்க்க வேண்டியவை. 125-ல் இருப்பது தனிக்கட்டை, அது இடையில் புகுந்து தப்பான கையைப் பிடித்துவிடும். ஆகவே 125-ல் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் போட்டு எழுதச் சொன்னோம். எங்கள் மூளையில் உதித்தது அல்ல இது. 1992-ல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஆல்டெஸ்லூகின் மருந்திலும் இதே மாற்றம்தான். முன்னால் ஆறு ஹிஸ்டிடின் வால், ஜீனைச் சுமக்க, கானமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் டிஎன்ஏ வளையம் (பிளாஸ்மிட்), எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய்.

பாக்டீரியா வளர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈ. கோலை பிஎல்21, எல்பி மீடியம், 37 டிகிரி. இரண்டு லிட்டர் கூம்புக் குடுவையில் அரை லிட்டர் வீதம் ஊற்றினால்தான் காற்று போகும். 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கல் 0.6 வந்ததும், ஜீனை முடுக்கிவிட லிட்டருக்கு 0.24 கிராம் ஐபிடிஜி, அதற்கப்புறம் நாலு மணி நேரம். குளிரில், 18 டிகிரியில் மெதுவாக வளர்த்துப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் குடுவையைக் குலுக்கும் எங்கள் ஷேக்கரில் குளிரவைக்கும் கம்ப்ரெசர் கிடையாது. பாலக்காட்டு ஏப்ரலில் லேபுக்குள்ளேயே 36, 37 டிகிரி. பாக்டீரியாவுக்கு அது சொர்க்கம், எனக்குத்தான் சட்டை நனைந்தது. இரண்டு நாளில் இரண்டு லிட்டர் வளர்த்தேன். ஈர எடை 8 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

செல்லை உடைக்கும் சோனிக்கேட்டர் சூடேறும், பீக்கரைச் சுற்றி ஐஸ் வேண்டும். லேபில் ஐஸ் மெஷின் இல்லை. சந்தைக்குப் பக்கத்து மீன்கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கட்டி வாங்கி, கோணிப்பையில் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். 10 வினாடி ஓட்டம், 20 வினாடி ஓய்வு, இப்படி அரை மணி நேரம். வேலை கச்சிதம். லேப் மட்டும் இரண்டு நாள் மத்தி வாடை.

உடைத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றியதும் புரதம் கரைசலில் இல்லை, அடியில் இருந்தது. எதிர்பார்த்ததுதான். பாக்டீரியா இந்த மனிதப் புரதத்தை அவசர அவசரமாகச் செய்து, மடிக்கத் தெரியாமல் உருண்டை உருண்டையாகக் குப்பையில் எறிவதுபோல் ஒதுக்கிவிடும். இன்க்ளூஷன் பாடி என்பார்கள். சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளை. அதை ஒரு சத டிரைட்டன் சோப்பில் இரண்டு தடவை, 2 மோலார் யூரியாவில் ஒரு தடவை, வெறும் பஃபரில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) ஒரு தடவை கழுவினேன். கழுவக் கழுவத் தவிட்டு நிறம் போய் வெளுத்தது. இந்தக் கட்டத்தில் சோம்பல் பட்டால் கடைசிவரை அழுக்கு கூடவே வரும். நாலு பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தேன். ஆறு மாத வேலையில் நான் செய்த ஒரே முன்யோசனை அந்த நாலு பங்குதான். மூன்று பங்கு பாடம் படிக்கவே போனது.

முதல் பங்கு. உருண்டையைக் கரைக்க 6 மோலார் குவானிடின். 50 மில்லிக்கு 28.7 கிராம், பீக்கரில் பாதி உப்புதான் இருக்கும், கரையும்போது வெளிப்பக்கம் ஜில்லென்று ஆகிவிடும். தப்பாகக் கோர்த்திருக்கும் சிஸ்டீன்களைப் பிரிக்க டிடிடி 10 மில்லிமோலார் சேர்த்தேன். கரைசல் கண்ணாடி போல் தெளிந்தது. அப்படியே நிக்கல் காலத்தில் (column, நிக்கல் ரெசின் அடைத்த குழாய்) ஏற்றினேன். ஹிஸ்டிடின் வாலை நிக்கல் பிடித்துக்கொள்ளும், மற்றவை கழுவிப் போகும் என்பதுதான் ஏற்பாடு.

நிக்கல் ரெசின் வெளிர்நீலமாக இருக்கும், துவைத்த பள்ளிச் சட்டை நிறம். ஊற்றிப் பத்து நிமிடத்தில் மேலேயிருந்து பழுப்பு இறங்க ஆரம்பித்தது. அரை மணியில் முழுக் காலமும் கருப்பட்டிக் காப்பி. டிடிடி நிக்கலையே கெடுத்துவிட்டது. புரதம் ஒன்றும் பிடிக்காமல் வழிந்து வெளியே போனது. ரெசின் டப்பாவோடு வந்த தாளில் இரண்டாம் பக்கத்தில் டிடிடி கூடாது என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்தியவன் நான்.

5 மில்லி ரெசின் என்றால் 5,500 ரூபாய். தூக்கிப் போட மனசு வரவில்லை. 100 மில்லிமோலார் இடிடிஏ ஊற்றினால் கெட்ட நிக்கல் கழன்று வரும் என்று படித்து ஊற்றினேன். பழுப்பு இறங்கி ரெசின் தும்பைப்பூ வெள்ளையானது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நிக்கல் சல்பேட் கரைசலை மெதுவாக விட்டதும் பழைய நீலம் திரும்பியது. அன்றைக்கு வேறு ஒன்றும் உருப்படவில்லை என்றாலும் அந்த நிறம் திரும்பியதில் ஒரு திருப்தி. நிக்கல் கழிவைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், தனிக் கேனில் சேர்த்து வையுங்கள்.

அதிலிருந்து முறையை மாற்றினேன். டிடிடி இல்லாமல் காலம் ஓட்டி, 250 மில்லிமோலார் இமிடசோல் விட்டுப் புரதத்தை இறக்கி, அதற்கப்புறம் 5 மில்லிமோலார் டிடிடி போட்டு இரண்டு மணி நேரம் வைத்தேன். ஒரு பங்குக்கு 10 மில்லியில் சுமார் 40 மில்லிகிராம் வந்தது. அளவு பார்க்கும்போதும் ஒரு சறுக்கல்: 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று படித்தபோது 70 மில்லிகிராம் காட்டியது. இமிடசோலும் அங்கே உறிஞ்சும். பிராட்ஃபோர்டு சாயத்தில் பார்த்த பிறகுதான் 40 என்று தெரிந்தது. இன்னொன்று, குவானிடின் உள்ள சாம்பிளை நேராக, புரதத்தை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லுக்கான சாயத்தில் கலக்காதீர்கள். சாயத்தில் உள்ள எஸ்டிஎஸ் சோப்போடு சேர்ந்து டியூபில் தயிராக உறைந்துவிடும். எத்தனாலில் புரதத்தை வீழ்படிய வைத்துக் கழுவித்தான் ஏற்ற வேண்டும்.

இனி மடிப்பு. உண்மையான வேலை இங்கேதான்.

குவானிடினில் இருக்கும் புரதம் பிரித்துப் போட்ட நூல். குவானிடினை நீர்க்க வைத்தால் தானாகச் சுருண்டு தன் வடிவத்துக்கு வரும். ஆனால் பக்கத்தில் இன்னொரு நூல் இருந்தால் அதோடு சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரு லிட்டர் பஃபரில் 10 மில்லியைக் கலக்க வேண்டும், நூற்றுக்கு ஒன்று.

இரண்டாவது பங்கை எடுத்தேன். டிரிஸ் பஃபர், பிஎச் 8, சிஸ்டீன்கள் சரியாகக் கைகோர்க்க உதவும் குளூட்டாதயோன் இரண்டு வகையும். புரதம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அர்ஜினின் அரை மோலார் போடச் சொல்லிப் பல இடங்களில் இருந்தது. ஒரு லிட்டருக்கு 105 கிராம் ஆகும். சிக்கனம் பார்த்து விட்டுவிட்டேன். மணி ஆறே முக்கால், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கலக்கும் ஸ்டிரர் சுற்றிக்கொண்டிருக்க, 10 மில்லியையும் ஒரே ஊற்றாக ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுருள் எழுந்தது, கரைந்துவிடும் என்று நினைத்தேன். கையைக் கழுவித் திரும்பிப் பார்த்தால் பீக்கர் முழுக்கத் திரிந்த பால். சுற்றி வடித்ததில் கரைசலில் மிச்சம் இருந்தது 3 மில்லிகிராம். அதை மட்டும் எடுத்து வைத்தேன். தட்டில் மூன்றாவது வரிசையாக நின்றது அதுதான்.

மூன்றாவது பங்குக்கு அர்ஜினின் வாங்கிவிட்டேன். குளிரிலும் செய்ய வேண்டும். குளிர் அறை இல்லாததால், கூல்டிரிங்ஸ் கடைக்காரர் விற்ற பழைய கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்தான் எங்கள் குளிர் அறை. கதவு ரப்பரைக் கொஞ்சம் வெட்டி வயரை உள்ளே விட்டு, ஸ்டிரரைக் கீழ்த்தட்டில் வைத்தேன். உள்ளே 5 டிகிரி. பிப்பெட்டால் ஒவ்வொரு சொட்டாக விட்டேன், கதவைத் திறந்து திறந்து, இரண்டு மணி நேரம். முதுகு விட்டுப்போனது. ஆனால் தெளிவாக இருந்தது! ராத்திரி அப்படியே சுற்றவிட்டு, காலையில் பார்த்தும் தெளிவு. சந்தோஷத்தில், சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி, எல்லாவற்றுக்கும் போடும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் போட்டேன், பிஎச் 7.4. மறுநாள் பைக்குள் தேங்காய்த் துருவல் மிதந்தது.

டீச்சர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதோட பிஐ எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிஐ என்பது புரதத்தின் மின்சுமை சமனாகும் பிஎச். கணக்குப் போட்டால் 7-க்கும் 8-க்கும் நடுவில். அந்த பிஎச்சில் புரதத்தின் மேல் நிகர மின்சுமை கிட்டத்தட்ட இல்லை, ஒன்றையொன்று தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு ஏற்கெனவே எண்ணெய்ச் சுபாவம் அதிகம். அர்ஜினின் இருந்தவரை தாங்கியது, அதை நான் கழுவி எடுத்ததும் விழுந்துவிட்டது. கடையில் வாங்கும் இன்டர்லூகின்-2 குப்பியோடு வரும் தாளில் அசிட்டிக் அமிலத்தில் கரைக்கச் சொல்லியிருப்பார்கள். பல வருடம் அப்படியே கரைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. அமிலத்தில் இது நேர்மின்சுமையோடு தள்ளி நிற்கும்.

கடைசிப் பங்கு. இதுவும் போனால் முதலிலிருந்து, மீன்கடை ஐஸிலிருந்து, ஆரம்பிக்க வேண்டும். சொட்டு விடுவதற்கு ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. பெரிஸ்டால்டிக் பம்ப் 30,000-க்குக் குறைந்து இல்லை. ஒருநாள் சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேல் குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அரை மணி நேரம் இருந்திருப்பேன். மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ டிரிப் செட் கேட்டேன். 140 ரூபாய். கடை அக்கா, "ஐயோ, குழந்தைக்கு என்னப்பா?" என்று பதறிவிட்டார். லேபுக்கு என்று சொல்லியும் நம்பவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, மைக்ரோவில் 60 சொட்டு ஒரு மில்லி. முதலில் செட்டை அப்படியே தொங்கவிட்டு 10 மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கீழ்முனையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒன்றரை மீட்டர் டியூபே அத்தனையையும் குடித்துவிட்டது. அதனால் டியூபை வெட்டினேன். 20 மில்லி சிரிஞ்சின் உறையை மேலே தொட்டியாக வைத்து, அதிலிருந்து 15 சென்டிமீட்டர் டியூப், அதில் உருளைக் கிளாம்ப், அதற்கடுத்து சொட்டு விழும் ஊசி. ஊசிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அறையின் அடியைப் பிளேடால் அறுத்துவிட்டேன், சொட்டு நேராகப் பீக்கருக்குள் விழ வேண்டும் என்று. டியூபைத் திருப்பிப் பொருத்திய இடத்தில் கசிந்தது, பாராஃபிலிம் நாலு சுற்று. ஃபிரிட்ஜின் மேல்தட்டுக் கம்பியில் கட்டினேன். குவானிடின் கரைசல் தண்ணீரைவிடக் கனம், சொட்டு சின்னதாக விழும். நான் எண்ணியதில் ஒரு மில்லிக்கு 64. 10 வினாடிக்கு ஒரு சொட்டு என்று கிளாம்ப்பைத் திருகி வைத்தால் 10 மில்லி முடிய ஒரு மணி 47 நிமிடம். ஒன்றைக் கவனித்தேன்: சிரிஞ்சில் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டு மந்தமாகும். கடைசிப் பாதியில் 14 வினாடி ஆகிவிட்டது. இரண்டு தடவை கிளாம்ப்பை இளக்கினேன்.

ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்தேன். எட்டு பத்துக்கு கரண்ட் போனது. ஃபிரிட்ஜ் விளக்கு அணைந்தது, ஸ்டிரர் நின்றது. சொட்டு நிற்கவில்லை. அதற்குக் கரண்ட் தேவையில்லையே! நான் போன் டார்ச்சைப் போட்டுக் கதவைத் திறந்து கிளாம்ப்பைத் திருகுவதற்குள் ஏழெட்டுச் சொட்டு நின்ற தண்ணீரில் விழுந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே வெள்ளை நூல் ஒன்று இறங்கி நிற்பது தெரிந்தது. ஒரே ஊற்றாக ஊற்றியபோது நடந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். கண்ணாடிக் கம்பியை எடுத்துக் கையாலேயே கலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். 35 நிமிடம் கழித்து கரண்ட் வந்தது. நூல்கள் கரையவில்லை, அந்தப் புரதம் போனது போனதுதான். மற்றபடி தெளிவு.

ஒரு லிட்டரை டயாலிசிஸ் செய்வது தனிக் கதை. 45 மில்லிமீட்டர் அகல டியூபில் ஒரு சென்டிமீட்டருக்கு 6 மில்லி சொச்சம் பிடிக்கும். அரை மீட்டர் வீதம் நாலு துண்டு. 20 லிட்டர் குடிநீர்க் கேனின் தலையை அறுத்து, 10 லிட்டர் சோடியம் அசிட்டேட், 10 மில்லிமோலார், பிஎச் 4. மூன்று தடவை மாற்றினேன், தடவைக்கு எட்டு மணி நேரம். லேபில் ஏற்கெனவே இருந்த டயாலிசிஸ் டியூப் 12,000 முதல் 14,000 டால்டன் துளை, அந்த எடைக்குக் கீழே உள்ளது வெளியே போய்விடும். நம் புரதம் வாலோடு 17,500. நூலிழைக் கணக்கு. பயந்துபோய் 3,500 துளை டியூப் தனியாக வாங்கினேன்.

இந்தத் தடவை துருவல் இல்லை. அடியில் லேசான மண்டி, வடித்ததும் 14 மில்லிகிராம். சுழற்றி வடிக்கும் ஃபில்ட்டரில் அடர்த்தியாக்கியதும் 9. மீதி 5 ஃபில்ட்டர் சவ்விலேயே ஒட்டிக்கொண்டது. இதன் எண்ணெய்ச் சுபாவம் மறுபடியும்.

மடிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி 15 சத ஜெல். ஒரே சாம்பிளை டிடிடி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று ஏற்ற வேண்டும். சிஸ்டீன் கைகோர்த்த புரதம் கொஞ்சம் கட்டையாக இருக்கும், கொஞ்சம் வேகமாக ஓடும். இரண்டுக்கும் இடையில் ஒரு தடத்தைக் காலியாக விடுங்கள். டிடிடி பக்கத்துத் தடத்துக்குக் கசியும், நான் முதலில் அடுத்தடுத்து ஏற்றி, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பார்த்து அரை நாள் துக்கம் கொண்டாடினேன். காலித் தடம் விட்டு ஓட்டியபோது டிடிடி போடாத பட்டை இரண்டு மில்லிமீட்டர் கீழே நின்றது. அதற்கு மேலே, இரட்டை எடையில், ஒரு மெல்லிய நிழல். இரண்டிரண்டாகக் கோர்த்துக்கொண்டவை.

ஈ. கோலையில் செய்த எதிலும் அதன் சுவர்க் குப்பை, எண்டோடாக்சின், கூட வரும். ரத்தச் செல்களில் போட்டால் புரதத்தின் வேலையா குப்பையின் வேலையா என்று பிரிக்க முடியாது. டிரைட்டன் எக்ஸ்-114 என்ற சோப்பு ஐஸில் கலந்து நிற்கும், 22 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெயாகப் பிரிந்து அடியில் தங்கும், எண்டோடாக்சினையும் இழுத்துக்கொண்டு போகும். புத்தகத்தில் 37 டிகிரி வாட்டர் பாத் என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் மேசை மேல் வைத்தாலே போதும். மூன்று சுற்று. சோப்பு மிச்சம் இல்லாமல் எடுக்க மறுபடி ஒரு சின்னக் காலம், அதில் இன்னும் 2 மில்லிகிராம் போனது. கையில் நின்றது 7.

சோதனைக்கு வேண்டிய சிடிஎல்எல்-2 என்ற எலிச் செல் எங்களிடம் இல்லை, கோவையில் டீச்சருக்குத் தெரிந்த லேபில் உண்டு. இன்டர்லூகின்-2 இல்லாவிட்டால் இந்தச் செல் செத்துவிடும். மனிதனுடையதை வைத்தும் வாழும். தெர்மாகோல் பெட்டியில் அதே மீன்கடை ஐஸ் போட்டு, வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, "என்ன மீனு?" என்றார். மத்தி என்றேன். புரதம் என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு கேள்வி வந்திருக்கும்.

செல்களைக் கழுவிப் பட்டினி போட்டு, குழிக்குப் பத்தாயிரம், 48 மணி நேரம், பிறகு ரெசசூரின் சாயம். உயிரோடு இருக்கும் செல் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். பாதி வளர்ச்சிக்கு வாங்கிய சரக்கு ஒரு மில்லிக்கு 0.15 நானோகிராம் கேட்டது. நான்காம் பங்கு 0.4. ஒரே ஊற்றில் ஊற்றிக் கெடுத்ததில் தெளிவாக நின்ற அந்த 3 மில்லிகிராம்? 9 நானோகிராம். வாங்கியதோடு ஒப்பிட்டால் 60-ல் ஒரு பங்கு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீர் போல.

செலவு: ஜீனும் பிளாஸ்மிடும் 14,500, நிக்கல் ரெசின் 10 மில்லி 11,000, குவானிடின் அரைக் கிலோ 6,200, குளூட்டாதயோன் இரண்டும் 5,400, டயாலிசிஸ் டியூப் 3,800, அர்ஜினின் கால் கிலோ 2,900, ஃபில்ட்டர் 2,600, டிரிப் செட் 140. மொத்தம் 46,540. என் சம்பளத்தையும் ஐஸையும் சேர்க்கவில்லை. 7 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வேலை செய்கிறது என்று வைத்தாலும் டீச்சருக்குப் பல வருடத்துக்குப் போதும். ஆனால் வருடத்துக்கு ஒரு குப்பி மட்டும் வேண்டும் என்பவர் இந்த வம்புக்குப் போக வேண்டாம், வாங்கிவிடுங்கள். இது லேப் தட்டில் வளரும் செல்லுக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மருந்து அல்ல.

அடுத்த தடவை ஹிஸ்டிடின் வால் இல்லாமல் செய்யப் பார்ப்பேன். உருண்டையை நன்றாகக் கழுவினாலே பத்தில் ஒன்பது சுத்தம், ஜெல்லில் பார்த்தேன். ஃபில்ட்டருக்குப் பதில் பிஎச் 4-லேயே, நேர்மின்சுமையைப் பிடிக்கும் எஸ்பி காலத்தில் பிடித்து உப்பில் இறக்கினால் அடர்த்தியும் ஆகும், இரண்டிரண்டாகக் கோர்த்தவையும் பிரியும், சவ்வில் 5 மில்லிகிராம் போகாது. ஸ்டிரருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன், கம்ப்யூட்டரில் கழற்றிய பழையது ஒன்று இருக்கிறது, பேட்டரி மாற்றினால் போதும் என்கிறார், 900 ரூபாய்.

இப்போதைக்கு 7 மில்லிகிராமும் 50 மைக்ரோலிட்டர் வீதம் சின்னச் சின்ன டியூபில், ஒட்டாமல் இருக்க 0.1 சத ஆல்புமின் சேர்த்து, ஃப்ரீசரில் இருக்கிறது. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது என்று மூடியில் சிவப்பு மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன். டிரிப் செட்டைக் கழுவி, ஃபிரிட்ஜ் கம்பியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் லேபைப் பார்க்க வந்த ஒருவர் அதைக் கண்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்கு என்ன காய்ச்சலா என்று கேட்டார்.